மூத்தவர்களுக்கும் தடுப்பூசி உண்டு
60 வயதைக் கடந்த ஜொகூர் வாசிகளுக்கான விளக்கக் கையேடு



உங்களில் பலருக்கு மேற்கையில் சிறிய வட்டத் தழும்பு ஒன்று இருக்கும். தோட்டத்து ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ சிறு வயதில் வரிசையில் நிற்க வைத்துப் போட்ட ஊசியின் அடையாளம் அது. சிலருக்கு அது பெரியம்மைக்கு எதிராக ‘அம்மை குத்திய’ தழும்பு. மற்றவர்களுக்குக் காசநோய்க்கு எதிரான ஊசியின் தழும்பு. மலேசியாவில் காசநோய்த் தடுப்பூசி 1961ஆம் ஆண்டு முதல் போடப்பட்டு வருகிறது.

ஊர் ஊராக ஆட்களைக் கொன்று, பிழைத்தவர்களில் பலரின் கண்ணைப் பறித்த நோய் பெரியம்மை. 1980ஆம் ஆண்டு மே மாதம், அந்த நோய் உலகை விட்டே ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார மன்றம் அறிவித்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அம்மை குத்துவதில்லை, அதற்குத் தேவையும் இல்லை. உங்கள் தலைமுறை கையை நீட்டியதால்தான் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்த நோயின் பெயர்கூடத் தெரியாமல் போனது.

அதற்குப் பிறகு நம்மில் பலர் தடுப்பூசி என்றாலே குழந்தைகளுக்கு உரியது என்று நினைத்துவிட்டோம். பேரப்பிள்ளையின் ஊசித் தேதியை மறக்காமல் நினைவூட்டும் தாத்தா பாட்டி, தங்களுக்கும் ஊசி உண்டு என்பதை அறிவதில்லை. உங்களுக்கு என்னென்ன ஊசிகள் தேவைப்படலாம், ஏன் தேவை, எங்கே கேட்பது என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது.

வயதான பிறகு ஊசி எதற்கு?

நம் உடலுக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமியை அடையாளம் கண்டு அழிப்பது அதன் வேலை. முன்பின் தெரியாத கிருமி வந்தால், அதை அடையாளம் காண அந்தப் படைக்குச் சில நாட்கள் பிடிக்கும். அந்தச் சில நாட்களில்தான் நோய் முற்றுகிறது.

உங்கள் தாமான் வாசலில் இருக்கும் ஜாகாவை நினைத்துப் பாருங்கள். திருடனின் படத்தை முன்கூட்டியே அவரிடம் காட்டிவிட்டால், அவன் வாசலுக்கு வந்ததும் பிடித்துவிடுவார். தடுப்பூசி செய்வதும் இதைத்தான். செயலிழக்கச் செய்யப்பட்ட கிருமியையோ கிருமியின் ஒரு சிறு பகுதியையோ உடலுக்குக் காட்டுகிறது. உண்மையான கிருமி பிறகு வரும்போது உடல் தயாராக இருக்கிறது.

ஆனால் ஜாகாவுக்கும் வயதாகிறது. 60 வயதைக் கடந்ததும் காவல் படையின் வேகம் மெல்லக் குறைகிறது. சிறு வயதில் போட்ட சில ஊசிகளின் பலனும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்கிறது. இதனால் இளைஞர் ஒருவரை மூன்று நாள் படுக்க வைக்கும் காய்ச்சல், அதே வீட்டில் இருக்கும் பெரியவரை வார்டில் சேர்க்கும் அளவுக்குப் போகலாம்.

இனிப்பு நீர், இருதய நோய், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு ஆகியவை இருந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, இனிப்பு நீர் இருக்கிறது. நாட்டின் முக்கிய இனங்களில் இந்தியர்களிடையேதான் இந்த நோய் அதிகமாகக் காணப்படுகிறது. கிருமித் தொற்று வந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் தொற்றை எதிர்க்கும் சக்தி மேலும் குறையும். இந்தச் சுழலில் சிக்குவதைவிட, சிக்காமல் தடுப்பது எளிது.

வயதானவர் ஒருவர் இரண்டு வாரம் படுக்கையில் கிடந்து எழும்போது, கால்களின் பலம் பழையபடி திரும்பாமல் போவதுண்டு. அதுவரை தானே நடந்து கோயிலுக்கும் பசாருக்கும் போய் வந்தவர், குளியலறைக்குப் போகவும் பிறர் கையைப் பிடிக்க வேண்டியதாகிறது. நோயிலிருந்து பிழைத்தாலும், பழைய வாழ்க்கை கைவிட்டுப் போகலாம். உங்கள் காலில் நீங்களே நிற்கும் நாட்களைத் தடுப்பூசி காக்கிறது.

ஜொகூர் கண்ட பாடம்

மலேசியாவின் முதல் கோவிட்-19 நோயாளிகள் அறிவிக்கப்பட்ட நாள் 25 ஜனவரி 2020. சீனாவிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஜொகூர் பாருவுக்கு வந்திருந்த ஒரு பாட்டியும் அவருடைய இரண்டு பேரப்பிள்ளைகளுமே அவர்கள். நோய் நாட்டுக்குள் நுழைந்த வாசல் நம் மாநிலம்தான்.

அதே ஆண்டு மார்ச் 18ஆம் தேதி எல்லை மூடப்பட்டது. தினமும் லட்சக்கணக்கானோர் கடந்து சென்ற ஜொகூர் பாலம் வெறிச்சோடியது. சிங்கப்பூரில் வேலை செய்த பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள். பெற்றோர் இங்கே கைப்பேசித் திரையில் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தீபாவளிகள் அப்படியே கழிந்தன. இறுதிச் சடங்குக்குக்கூட வர முடியாமல் போன பிள்ளைகள் உண்டு.

மலேசியாவில் தடுப்பூசித் திட்டம் 24 பிப்ரவரி 2021இல் தொடங்கியது. முன்னணிப் பணியாளர்களுக்கு அடுத்து, மூத்த குடிமக்களுக்கே முன்னுரிமை தரப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் ஊசியை முடித்ததும், மாநிலம் விட்டு மாநிலம் செல்ல அனுமதி கிடைத்தது. நவம்பர் 29ஆம் தேதி, தடுப்பூசி போட்டவர்களை ஏற்றிக்கொண்டு முதல் பேருந்துகள் பாலத்தைக் கடந்தன. 1 ஏப்ரல் 2022இல் எல்லை முழுமையாகத் திறந்தது.

அந்த நோயால் நாடு 37,000க்கும் அதிகமானோரை இழந்தது. அவர்களில் பெருந்தொகையானோர் 60 வயதைக் கடந்தவர்கள். வயதானவர்களைக் கிருமிகள் எளிதில் வீழ்த்துகின்றன என்பதையும், ஊசி அந்த நிலையை மாற்றும் என்பதையும் ஜொகூர் மக்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். கோவிட் கிருமி இன்னும் நம்மிடையே இருக்கிறது. உங்களுக்கு மீண்டும் கோவிட் ஊசி தேவையா என்பது உங்கள் வயது, நோய்கள், கடைசியாக ஊசி போட்ட தேதி ஆகியவற்றைப் பொறுத்தது. அடுத்த முறை மருந்து எடுக்கப் போகும்போது மருத்துவரிடம் கேளுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய ஊசிகள்

1. சளிக்காய்ச்சல் ஊசி: ஆண்டுக்கு ஒரு முறை

இன்புளுவென்சா என்னும் சளிக்காய்ச்சல், மூக்கு ஒழுகும் சாதாரணச் சளி அல்ல. திடீரென்று கடுங்காய்ச்சல், உடல் முழுவதும் வலி, எழுந்து உட்கார முடியாத அசதி என்று வரும். சுவாசப் பாதிப்பால் மட்டும் உலகில் ஆண்டுதோறும் 290,000 முதல் 650,000 பேர் வரை இந்த நோயால் இறக்கிறார்கள் என உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. குளிர் நாடுகளில் இது குளிர்காலத்தில் வரும். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் உண்டு.

இருதய நோய் உள்ளவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். கனடாவில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, சளிக்காய்ச்சல் உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் ஆபத்து ஏறக்குறைய ஆறு மடங்கு கூடுகிறது என்று கண்டது.

இந்தக் கிருமி அடிக்கடி தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும். அதனால் போன ஆண்டு போட்ட ஊசி இந்த ஆண்டுக்குப் போதாது. உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை கூடி, அடுத்த பருவத்துக்கான ஊசியில் எந்தெந்த வகைகள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. ஊசி போட்ட பிறகு பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். தைப்பூசம், தீபாவளி போன்ற கூட்டம் கூடும் நாட்களுக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

நாட்பட்ட நோயுள்ள 60 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களுக்குச் சுகாதார அமைச்சு அண்மைய ஆண்டுகளில் அரசாங்கக் கிளினிக்குகளில் இந்த ஊசியை இலவசமாகப் போட்டு வந்திருக்கிறது. முகப்பில் ‘வார்கா எமாஸ்’ ஊசி என்று கேட்டால் விவரம் சொல்வார்கள். மைசெஜாத்ரா செயலி பழகாதவர்கள் பிள்ளைகளின் உதவியைக் கேட்கலாம்.

2. நியூமோகாக்கஸ் ஊசி: நிமோனியாவுக்கு எதிராக

நிமோனியா என்பது நுரையீரலில் ஏற்படும் தொற்று. மலேசியாவில் மரணத்துக்கான முன்னணிக் காரணங்களில் இதுவும் ஒன்று. இதை உண்டாக்கும் கிருமிகள் பல. அவற்றில் முக்கியமானது நியூமோகாக்கஸ். இந்தக் கிருமி சிறு பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் அவர்களுக்கு எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும். அங்கிருந்து பாட்டிக்கோ தாத்தாவுக்கோ தொற்றி, நுரையீரலைத் தாக்கும். சில வேளைகளில் இரத்தத்திலும் மூளையுறையிலும் பரவி உயிருக்கே ஆபத்தாகும்.

2020ஆம் ஆண்டு முதல் பிறந்த மலேசியக் குழந்தைகளுக்கு இந்த ஊசி தேசியத் தடுப்பூசி அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளது. பெரியவர்களுக்கான ஊசியில் வகைகள் உண்டு. சில வகைகளை ஒரு முறை போட்டால் போதும். வேறு சிலவற்றுக்கு இரண்டாவது ஊசி தேவைப்படும். இதை ஆண்டுதோறும் போட வேண்டியதில்லை. புகைப்பவர்கள், ஆஸ்துமா அல்லது நுரையீரல் நோய் உள்ளவர்கள், மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள் இதை மறக்காமல் கேளுங்கள்.

3. அக்கி ஊசி: 50 வயது முதல்

சிறு வயதில் உங்களுக்குச் சின்னம்மை போட்டிருக்கலாம். வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மாரியம்மனுக்கு வேண்டுதல் செலுத்தி அது முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் அந்தக் கிருமி உடலை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்புகளில் பல ஆண்டுகள் உறங்குகிறது. வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழித்துக்கொண்டு, நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதுதான் அக்கி. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளங்கள் தோன்றும். நெருப்பு வைத்தாற்போல் எரியும்.

கொப்புளம் ஆறிய பிறகும் சிலருக்கு வலி மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். சட்டை உரசினாலும் தாங்க முடியாது. தூக்கம் போய்விடும். கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து.

நம் முன்னோர் காவி கரைத்து ‘அக்கி எழுதும்’ வழக்கத்தை வைத்திருந்தார்கள். அதில் மன ஆறுதல் இருக்கலாம். ஆனால் அக்கிக்கான மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும். அதனால் முதலில் கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

அக்கி வராமல் தடுக்கும் ஊசி இப்போது உண்டு. இரண்டு முறை, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் போடுவார்கள். மருத்துவ ஆய்வுகளில் இது 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 90 விழுக்காட்டுக்கும் அதிகமான பாதுகாப்பைத் தந்தது. பொதுவாகத் தனியார் கிளினிக்குகளிலும் மருத்துவமனைகளிலும் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. விலை குறைவல்ல. இரண்டு ஊசிக்கும் சேர்த்து எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு முடிவு செய்யுங்கள்.

4. இரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் ஊசி: பத்து ஆண்டுக்கு ஒரு முறை

இரணஜன்னி துருப்பிடித்த ஆணியால் மட்டும் வருவதல்ல. அந்தக் கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் இருக்கிறது. செம்பனை முள், மண்வெட்டி, பூந்தோட்டத்தில் குத்திய ரோஜா முள் என்று எந்தக் காயத்தின் வழியாகவும் நுழையும். தாடை இறுகி, உடல் வில்லாக வளையும். ஒரு முறை வந்து பிழைத்தவருக்கும் மறுபடி வரலாம். சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் ஊசி போட்டிருந்தாலும் அது உங்களைக் காக்காது. ஏனென்றால் இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதல்ல, மண்ணிலிருந்து வருவது. உங்கள் ஊசிதான் உங்களுக்குக் காவல்.

தாய்மார்களுக்குக் கர்ப்ப காலத்தில் இந்த ஊசி போட்டிருக்க வாய்ப்புண்டு. ஆனால் கூலாய், குளுவாங், சிகாமட், லாபிஸ் பக்கத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து ஒரு முறைகூட முறையாகப் போடாத ஆண்கள் இருக்கக்கூடும். நினைவில்லை என்றால் போடவில்லை என்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தொண்டை அடைப்பான் பழைய காலத்து நோய் என்று நினைக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில், தடுப்பூசி போடப்படாத இரண்டு வயதுக் குழந்தை ஒன்று ஜொகூரில் இந்த நோயால் உயிரிழந்தது. கக்குவான் இருமலும் அப்படியே. பெரியவர்களுக்கு அது வாரக்கணக்கில் நீடிக்கும் வறட்டு இருமலாகத் தோன்றும். பிறந்த குழந்தைக்கோ மூச்சே நின்றுவிடும். நம் நாட்டில் குழந்தைக்கு இதற்கான முதல் ஊசி இரண்டாவது மாதத்தில்தான் தொடங்குகிறது. அதுவரை அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் பெரியவர்கள்தான் அதற்கு அரண். மூன்று நோய்களையும் சேர்த்துத் தடுக்கும் பெரியவர்களுக்கான ஊசி உண்டு. வீட்டில் மகளோ மருமகளோ கர்ப்பமாக இருந்தால், பிரசவத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

5. கல்லீரல் அழற்சி ‘பி’ ஊசி: மூன்று முறை

மலேசியாவில் 1989ஆம் ஆண்டு முதல் பிறந்த குழந்தைகளுக்கு இந்த ஊசி போடப்படுகிறது. அதற்கு முன்பே பிறந்த நீங்கள் இதைப் போட்டிருக்க வாய்ப்புக் குறைவு. இந்தக் கிருமி இரத்தத்தின் வழியே பரவி, கல்லீரலை மெல்லக் கெடுக்கும். டயாலிசிஸ் செய்பவர்கள், விரைவில் செய்ய வேண்டியிருப்பவர்கள், இனிப்பு நீர் உள்ளவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். முதலில் ஓர் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள்.

6. பயணம் போகிறவர்களுக்கு

காசி, இராமேஸ்வரம், பழனி என்று புண்ணிய யாத்திரை போகிறவர்கள், சொந்த ஊரைப் பார்க்கத் தமிழ்நாடு போகிறவர்கள், டைபாய்டு ஊசி பற்றி முன்கூட்டியே கேளுங்கள். உணவகத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த ஊசி பழக்கமானதுதான். உணவைக் கையாளுபவர்கள் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போடுவது இதையே. ஹஜ், உம்ரா செல்லும் முஸ்லிம் அன்பர்களுக்கு மூளையுறை அழற்சிக்கு எதிரான ஊசி தேவை. எந்தப் பயணமானாலும் ஒரு மாதத்துக்கு முன்பே கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“இவ்வளவு வயதாகிவிட்டது. இனி எனக்கு எதற்கு ஊசி?”

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பலர். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது, சிரமம் தரக் கூடாது என்ற எண்ணமே பெரும்பாலும் இதற்குப் பின்னால் இருக்கும். ஆனால் நீங்கள் வார்டில் படுத்தால் பிள்ளைகள் வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும், இரவு முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஊசிக்கு அரை நாள் போதும். உங்கள் வயது, ஊசி வேண்டாம் என்பதற்குக் காரணம் அல்ல. அது வேண்டும் என்பதற்கே காரணம்.

“ஊசி போட்டால் காய்ச்சல் வருகிறதே?”

ஊசி போட்ட கை வலிக்கலாம். ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் உடல் அசதியும் வரலாம். உடல் பாடம் கற்றுக்கொள்வதன் அறிகுறி அது. அக்கி ஊசிக்கு இந்த அசதி சற்றுக் கூடுதலாக இருக்கும். கைகளில் போடும் சளிக்காய்ச்சல் ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. அதனால் அந்த ஊசியால் சளிக்காய்ச்சல் வர முடியாது. ஊசி போட்ட அதே வாரத்தில் வேறு சளி பிடித்தால், அது தற்செயலாக நேர்ந்தது.

“பெரிய ஆபத்து எதுவும் இல்லையா?”

எந்த மருந்துக்கும் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கடுமையான ஒவ்வாமை ஏறக்குறைய பத்து லட்சம் ஊசிகளில் ஓரிருவருக்கு வரலாம். அது பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களில் வரும். அதனால்தான் உங்களை 15 முதல் 30 நிமிடம் கிளினிக்கிலேயே உட்காரச் சொல்கிறார்கள். அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள். கோவிட் காலத்தில் ஒரு வகை ஊசியால் மிகச் சிலருக்கு இரத்தக் கட்டி ஏற்பட்டது உண்மை. அதை மறைக்காமல் கண்டறிந்து அறிவித்தது மருந்துகளைக் கண்காணிக்கும் ஏற்பாடுதான். மலேசியாவில் பதிவு பெற்ற ஒவ்வொரு தடுப்பூசியும் அதே கண்காணிப்பில் இருக்கிறது. ஊசிக்குப் பிறகு உங்களுக்கு ஏதேனும் மாறுதல் தெரிந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். அவர்கள் பதிவு செய்வார்கள்.

“நான் சைவம். போடலாமா?”

பெரும்பாலான சளிக்காய்ச்சல் ஊசிகள் கோழி முட்டையில் வளர்த்த கிருமியிலிருந்து தயாராகின்றன. முடிவில் மிக மிகச் சிறு அளவு முட்டைப் புரதம் எஞ்சியிருக்கலாம். இது உங்களுக்குத் தயக்கம் தந்தால், வேறு வகை கிடைக்குமா என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். முட்டை ஒவ்வாமை இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

“ரசமும் கஷாயமும் போதாதா?”

மிளகு ரசமும் சுக்குக் கஷாயமும் தொண்டைக்கு இதமானவை, தாராளமாகக் குடியுங்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காண அவை உடலுக்குக் கற்றுத் தருவதில்லை. ரசமும் இருக்கட்டும், ஊசியும் இருக்கட்டும்.

“இரண்டு ஊசியை ஒரே நாளில் போடலாமா?”

போடலாம். எடுத்துக்காட்டாக, சளிக்காய்ச்சல் ஊசியை ஒரு கையிலும் நியூமோகாக்கஸ் ஊசியை மறு கையிலும் ஒரே நாளில் போடுவது வழக்கம். கிளினிக்குக்கு இரண்டு முறை அலைய வேண்டியதில்லை.

கிளினிக்குக்குச் செல்லும் முன்

• மைகார்டு, மருந்து அட்டை, பழைய ஊசி அட்டை இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.
• சாப்பிட்டுவிட்டுச் செல்லுங்கள். வெறும் வயிறு தேவையில்லை. இனிப்பு நீர் மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் வழக்கம்போல் எடுத்துக்கொள்ளுங்கள்.
• தோள் வரை எளிதில் மடிக்கக்கூடிய தளர்வான கை வைத்த சட்டையோ இரவிக்கையோ அணியுங்கள்.
• அன்று கடுங்காய்ச்சல் இருந்தால் குணமான பிறகு செல்லுங்கள். சாதாரண மூக்கொழுகல் தடையல்ல.

தாதியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

• முன்பு ஏதேனும் ஊசிக்கோ மருந்துக்கோ உணவுக்கோ ஒவ்வாமை வந்திருந்தால்.
• இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால். ஊசி போட்ட இடத்தைக் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிப்பார்கள்.
• டயாலிசிஸ் செய்தால். அதற்கென அறுவை செய்த கையில் ஊசி போடக் கூடாது.
• மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால். மறு கையில் போடுவார்கள்.
• புற்றுநோய் மருந்தோ ஸ்டீராய்டு மருந்தோ எடுத்தால். உயிருள்ள கிருமியைக் கொண்ட சில ஊசிகள் உங்களுக்குப் பொருந்தாது.

வீட்டுக்கு வந்த பிறகு

கை வலித்தால் ஈரத்துணி வையுங்கள். கையைச் சற்று அசைத்துக்கொண்டே இருங்கள். காய்ச்சல் இருந்தால், மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் எடுக்கலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டிருந்தால் அந்த அளவை மீற வேண்டாம். எண்ணெய், தைலம் போட்டு ஊசி இடத்தைத் தேய்க்காதீர்கள்.

மூச்சுத் திணறல், முகம் அல்லது உதடு வீங்குதல், உடல் முழுவதும் தடிப்பு, மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 999 எண்ணை அழையுங்கள். காய்ச்சல் மூன்று நாட்களுக்கு மேல் நீடித்தால் கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

இன்றே செய்யக்கூடியவை

அடுத்த மருந்துத் தேதிவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கையேட்டில் உங்களுக்குப் பொருந்தும் ஊசிகளைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். அதை மருத்துவரிடம் காட்டி, “இவற்றில் எனக்கு எது தேவை?” என்று கேளுங்கள். மலாயில் பேசத் தயக்கமாக இருந்தால், தமிழ் பேசும் பணியாளர் உண்டா என்று விசாரியுங்கள், அல்லது பிள்ளை ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

இனிப்பு நீரோ இரத்த அழுத்தமோ இருக்கிறதா என்றே தெரியாதவர்கள், அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பத்தைச் சேர்ந்த 40 வயதுக்கு மேற்பட்டவராக இருந்தால், பெக்கா பி40 திட்டத்தின் கீழ் இலவச உடற்பரிசோதனை செய்துகொள்ளலாம். உங்களுக்கு எந்த ஊசி அவசரம் என்பதைத் தெரிந்துகொள்ள அது உதவும்.

ஊசி போட்ட தேதியையும் ஊசியின் பெயரையும் ஓர் அட்டையில் எழுதி, மைகார்டுடன் வைத்துக்கொள்ளுங்கள். துணைவருக்கும் அதேபோல் ஓர் அட்டை எழுதுங்கள். படித்து முடித்ததும் இந்தக் கையேட்டை அண்டை வீட்டில் இருக்கும் இன்னொரு மூத்தவரிடம் கொடுங்கள். கண் தெரியாதவராக இருந்தால், வாசித்துச் சொல்லுங்கள்.